எத்தனை மாசம்?

நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலம். திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒரு மிராசுதாரின் கணக்குப்பிள்ளை. ஒல்லியான உடம்பு, காதில் பென்சில், மடியில் நோட்டு. யாரைப் பார்த்தாலும் "வீட்ல ஏதாவது விசேஷமுங்களா?" என்று கேட்பார். உபரி நிலம் கூலியாட்களுக்குப் போய்விடாமல் எழுதிவைக்க அவருக்குப் பெயர்கள் வேண்டும். உறவுக்காரர், சமையல்காரர், வீட்டு நாய் வரை எழுதித் தீர்ந்து, பிறக்காத பிள்ளைகளுக்கு வந்திருந்தார்.

நான் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். பிறக்காத நட்சத்திரங்களை ஆராய்கிறேன் என்று சொன்னதுதான் தப்பு.

பென்சில் காதிலிருந்து இறங்கியது. "எத்தனை மாசம்?"

"மாசக் கணக்கில்லைங்க. வானத்துல இருட்டா, ஜில்லுன்னு ஒரு வாயு மேகம். அதோட நடு கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாகிட்டே வரும். காந்த விசை அதை அமுங்கவிடாம தாங்கும். அந்தப் பிடி தளர்ந்ததும் தன் கனத்துலயே உள்ள சரிஞ்சு நட்சத்திரமாகும். நம்ம சூரியன் மாதிரி சின்னதுதான். அதுக்கே பல லட்சம் வருஷம் ஆகும்."

"அப்ப மேஜரே ஆகாதுன்னு சொல்லுங்க!" அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "கார்டியனா நான் இருந்துக்கறேன். தகப்பன் பேரு?"

"மேகம்தான்."

'மேகநாதன்' என்று எழுதிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அந்த மேகம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. நட்சத்திரம் பிறக்கவில்லை. அதற்குள் தன் பேரிலுள்ள நிலத்தில் எத்தனை போகம் அறுத்திருக்குமோ!