ஓர் அங்குலம் வெட்டிய பிளாட்பாரம்

தணிகாசலம் இறந்த செய்தி எனக்கு ஒரு நோட்டீசாக வந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ரயில் பாதை கோரிக்கைக் குழுவின் பெயரில் அச்சடித்தது. ‘மாதிரி ரயில் நிலையம் அமைத்த வித்தகர்’ என்று கொட்டை எழுத்தில் புகழ்ந்திருந்தது. அளவு தெரியாதவன் என்று அவரைப் பார்த்துச் சிரித்த அதே குழு. அதற்குச் செயலாளராக இருந்தவன் நான். 

பாசன அலுவலகத்தில் அவர் டிரேசர்; அடுத்தவர் போட்ட படத்தின் மேல் டிரேசிங் துணி விரித்து நகல் எடுக்கிற வேலை. டிராஃப்ட்ஸ்மேன் ஆக வேண்டும், தானே படம் போட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. நான் அங்கே குமாஸ்தா. ஒருநாள் புளூபிரிண்டின் மேல் ஸ்கேலை வைத்து ஒரு மதகின் அகலத்தை அளந்தேன். ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டார். “காயிதம் ஈரத்துல சுருங்கும்பா. எய்தின நம்பர் சுருங்காது, அத்தப் பாரு” என்றார்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊருக்கு ரயில் கேட்டுக் குழு கிளம்பியது. பொருட்காட்சிக்கு அதிகாரிகள் வருகிறார்கள், ஒரு மாதிரி ஸ்டேஷனை வைத்துக் காட்டலாம் என்று யோசனை சொன்னதும் தணிகாசலத்தை அதில் இழுத்துவிட்டதும் நான்தான். இருவரும் பழையசீவரம் ஸ்டேஷனுக்குப் போனோம். டேப் பிடித்து அளக்க அனுமதி கேட்டால் மாதக்கணக்காகும் என்று அவர் செங்கல் வரிகளை எண்ணினார். நாலு வரி ஓர் அடி. எண்ணியது சரிதானா என்று பார்க்க என்னைச் சுவரோரம் நிறுத்தினார். “ஆடாம நில்லு. இன்னிக்கு நீ குமாஸ்தா இல்ல, அளவுகோலு.”

ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று படம் போட்டார். அவர் வாழ்நாளில் சொந்தமாகப் போட்ட முதல் படம். காஞ்சிபுரம் தறிகளில் கழித்துப் போட்ட, சேலை டிசைனுக்காகத் துளையிட்ட அட்டைகளை வாங்கி வந்து, துளைகளைப் பசையால் அடைத்துச் சுவர் எழுப்பினார். பிளாட்பாரத்துக்கு மரப்பலகை, ஜன்னல் கம்பிக்குத் துடைப்பக் குச்சி. மூன்று மாதம் மாலை நேரமெல்லாம் அதற்கே போயிற்று.

பொருட்காட்சிக்கு முதல் நாள், குழுத் தலைவரான ரைஸ் மில் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு தகர பொம்மை ரயிலோடு வந்தார். அது அகலமான வண்டி. பிளாட்பாரத்தில் இடித்தது.

“வண்டி இல்லாத ஸ்டேஷன எவன்யா பாப்பான்? கொஞ்சூண்டு சீவு.”

தணிகாசலம் முடியாது என்றார். “ஒரு இஞ்ச்தானேப்பா” என்றேன் நான்.

“ஒரு இஞ்ச்னா நாலு அடி. பன்னண்டு அடி பிளாட்பாரம் எட்டு அடி ஆய்டும். தூணுக்கு இந்தாண்ட ஜனம் எங்க நிக்கும்?”

மறுநாள் காலை அவர் வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் ரம்பத்தை எடுத்து வெட்டினேன். வெட்டிய விளிம்பில் வெள்ளைப் பெயிண்டும் பூசினேன்.

வந்தவர்களில் ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். குனிந்து, பையிலிருந்த ஸ்கேலை எடுத்து பிளாட்பாரத்தில் வைத்தார். “இது யாரு போட்ட அளவு? வண்டி வந்தா ஜனங்க தண்டவாளத்துலதான் நிக்கணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எங்கள் மேலதிகாரியும்தான். தலைவர் தணிகாசலத்தைக் கை காட்டினார். அவர் பிளாட்பாரத்தைப் பார்த்தார். பிறகு என் விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்டைப் பார்த்தார். நான் வாய் திறப்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் மைக் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த அவர் பெயரை அடுத்த வாரமே அடித்துவிட்டார்கள். டிரேசராகவே ஓய்வு பெற்றார். ரயிலும் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து, மானாம்பதி பஸ்ஸில் பக்கத்தில் இடம் கிடைத்தபோது கேட்டேன்: “ஆபீசராண்ட இப்பவாச்சும் நான் சொல்லிடட்டுமா?”

“அன்னிக்கு சொல்லியிருந்தா சாட்சி. இப்ப சொன்னா வெறும் கதை. வுடுப்பா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு நாங்கள் பேசவில்லை.

காரியத்தன்று அவர் மனைவி ஒரு சுருளைக் கொடுத்தார். “உங்க பேரு எய்தி கீது. உங்களாண்டயே இருக்கட்டும்.” பிரித்தால், அந்த ஸ்டேஷன் படம். ஓரத்தில் திருத்தங்களைக் குறிக்கும் கட்டத்தில், அச்சு மாதிரியான அவர் எழுத்தில், ‘பிளாட்பாரம் 12 அடி, 8 அடியாக வெட்டப்பட்டது. வெட்டியவர்:’ என்று போட்டு, இனிஷியலோடு என் பெயர். கீழே பொருட்காட்சி நடந்த அன்றைய தேதி.

இத்தனை வருடமும் இது அவர் வீட்டில் இருந்திருக்கிறது. மேலதிகாரியின் மேஜையில் விரித்திருந்தால் போதும், என் வேலை போய் அவர் மானம் திரும்பியிருக்கும். ஏன் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. என் மேல் இருந்த பிரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து என் பெயரைப் படித்துவிட்டுப் போகலாம்.