வண்டி பாவம்

என் உடம்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் படிக்கிறவர்கள் நடுவில் எங்காவது கற்பனை பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நான் உயரம், அகலம், இரண்டும். காத்திவாக்கத்தில் கட்டுமரம் தள்ளிய அப்பாவின் தோள் எனக்கு அப்படியே வந்திருக்கிறது. பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு தோள் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர்கள் கிடையாது. கேட்டவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதும் கிடையாது.

எனக்கு எடைமேடையில் வேலை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். திருவொற்றியூர் யார்டில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், வெளியே மேடை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே மேடையில் ஏறி நின்றேன். திரையில் வரிசையான பூச்சியங்களின் கடைசியில் ஒரு சின்ன எண் வந்தது. அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். நாற்பது டன் லாரியைத் தாங்குகிற இரும்புக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக லேசாக இருந்தேன். அந்த நாற்காலியை நான் அப்படிப் பிடித்துக்கொண்டதற்குச் சம்பளம் மட்டும் காரணம் இல்லை.

அதைப் பிடுங்கியவன் எங்கள் சூப்பர்வைசர். அவனுடைய மச்சான் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். கும்மிடிப்பூண்டி தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு யார்டு உண்டு. அங்கே காலை ஷிப்டுக்கு என்னை மாற்றிவிட்டு, என் கூண்டில் மச்சானை உட்கார வைப்பதாக ஏற்பாடு.

"மாத்தறது எல்லாருக்கும் உண்டும்மா. முடியலன்னா எழுதிக் குடுத்துட்டுப் போ, யாரும் புடிச்சு வெக்கல" என்றான்.

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை. நான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன் என்றுதான் யார்டில் எல்லோரும் நினைத்தார்கள். போகக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன்.

ரயிலில் போய்ப் பார்த்தேன். ஸ்டேஷனில் இறங்கினால் யார்டுக்கு லாரி மட்டும் போகிற ரோடு, விடியற்காலையில் ஷேர் ஆட்டோ கிடையாது. முதல் வாரமே லேட் என்று சம்பளத்தில் பிடித்தார்கள். பெரிய வண்டி வாங்கு என்று சொல்லாதவர்கள் இல்லை. சொன்ன யாரும் வாங்கித் தரவில்லை. என்னிடம் இருந்தது தம்பி ஓட்டிப் பழகிய சின்ன பைக். அவன் கப்பல் வேலைக்குப் போன பிறகு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போக அதை எடுப்பேன், அவ்வளவுதான்.

முதல் நாள் அதில் நெடுஞ்சாலை யார்டு வரை போய்த் திரும்பியது ஒரு தண்டனை. முட்டி இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின் ஸ்பிரிங் முழுசாக உட்கார்ந்து என் முதுகெலும்பை ஒரு தட்டுத் தட்டியது. கண்ணாடியில் பார்த்தால் என் தோள்தான் தெரிந்தது. பின்னால் வருகிற லாரி தெரியவில்லை. அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள், எதிரே வருகிறவன் எல்லாம் ஹெட்லைட்டை அடித்து அடித்துத் திட்டினான். என் கனத்தில் வண்டி பின்பக்கம் அமுங்கி, என் விளக்கு ரோட்டை விட்டுவிட்டு அவன்கள் கண்ணில் அடித்திருக்கிறது. தச்சூர் கூட்டுரோட்டில் ஏறி நெடுஞ்சாலையில் சேர்ந்ததும் எஞ்சின் கதற ஆரம்பித்தது. ஒவ்வொரு டிரெய்லரும் தாண்டும்போது அதன் காற்று என்னை ஒரு பக்கம் தள்ளி, உடனே மறுபக்கம் இழுத்தது. வீட்டுக்கு வந்து சோறு கூடச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் தேரடிப் பக்கம் இருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கடைக்குப் பக்கத்திலேயே டீக்கடை. எப்போதும் நாலைந்து பேர் வேலை வெட்டி இல்லாமல் நிற்பார்கள்.

மெக்கானிக் பின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "இன்னா வெயிட்டு கீறக்கா?"

ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "வண்டி பாவம்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"பாவமா கீதுன்னா நீ தூக்கினு போ" என்றேன்.

மெக்கானிக் விடவில்லை. "வெயிட்டு தெரியாம ஸ்பிரிங்கு போட முடியாதுக்கா. நெசமாத்தான் கேக்குறேன்."

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? மறுநாள் கும்மிடிப்பூண்டி யார்டில் இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் வண்டியோடு மேடையில் ஏறினேன். அந்த மேடை பத்துப் பத்தாக எண்ணுவது. வந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் மெக்கானிக்கை மட்டும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வண்டியோடயா? இம்மாந்தானா?" என்றான். "நான் இன்னும் ஜாஸ்தின்னு நெனச்சேன்க்கா."

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். அந்த ஆறுதலை அவன் தலையிலேயே கொட்ட வேண்டும் போல இருந்தது.

பெரிய வண்டியின் கெட்டியான ஸ்பிரிங் இரண்டைத் தேடிப் போட்டான். விளக்கைக் கீழே திருப்பினான். கண்ணாடிக்கு நீளமான கம்பி வைத்து என் தோளுக்கு வெளியே தள்ளினான். ஹேண்டில்பாரை உயர்த்தினான், ஆனால் ஆக்சிலேட்டர் ஒயரைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டான். பொன்னேரியில் நான் ஹேண்டிலைத் திருப்பியதும் ஒயர் தானாக இழுத்துக்கொண்டு வண்டி உறுமி ஓடியது. ஒரு இட்லிக் கடையின் தகர மறைப்பைத் தொட்டு நிறுத்தினேன். திரும்பி வந்து அவனைக் கேட்ட கேள்வியில் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸை வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

"மறந்துட்டேன்க்கா" என்றான். நீள ஒயர் போட்டுக் கொடுத்தான்.

சீட்டைப் பின்னால் தள்ளி, அகலமாகத் தைத்துக்கொண்டேன். முட்டி இடிப்பது நின்றது. பின்னால் இன்னொரு ஆள் உட்காரும் இடமும் போயிற்று.

அம்மா வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நான் எங்கடி குந்துறது?"

"பஸ்ஸுல குந்து" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் பல்சக்கரம். சங்கிலியை இழுக்கிற முன் சக்கரத்தில் ஒரு பல் கூடுதலாகப் போட்டால் வேகத்தில் எஞ்சின் கதறாமல் ஓடும். மெக்கானிக் தயங்கினான்.

"ஹைவேல சோக்கா போவும்க்கா. ஆனா டவுன்ல பேஜாரு. டிராபிக்ல ஸ்லோவா போனா ஆஃப் ஆயிகினே கெடக்கும்."

"கெடந்தா கெடந்துட்டு போவுது. போடு."

போட்டான். அதற்கப்புறம் தச்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் அந்த வண்டி ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வது. இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராகப் போகும். டிரெய்லர் தாண்டினாலும் ஆடாது. என் கனம்தான் அதைத் தரையோடு பிடித்து வைத்தது. ஷிப்டுக்கு முன்னாலேயே போய்விடுவேன். சூப்பர்வைசர் தினமும் போன் பண்ணுவான். நான் வந்திருக்கக் கூடாது என்ற ஆசையில்தான் பண்ணுவான். நான் எடுத்ததும், "வண்டி உசுரோட இருக்காம்மா?" என்பான். அவன் பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கும். "இருக்கு சார். நாளைக்கும் வரும்" என்று வைத்துவிடுவேன்.

மழைக்காலம் முடிவதற்குள் மச்சானின் லட்சணம் வெளியே வந்தது. லாரியின் பின் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கும்போதே எடை போட்டுச் சீட்டுக் கொடுத்திருக்கிறான். ஒன்றல்ல, பல லாரிகளுக்கு. துறைமுக வாசலில் மறுபடி எடை போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். திருவொற்றியூர் ரோட்டில் எங்கள் கம்பெனி லாரிகள் வரிசையாகத் திரும்பி நின்றன. முதலாளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டு வறுத்து எடுத்தார் என்று டிரைவர்கள் வந்து சொன்னார்கள். அன்றைக்கு நான் டிரைவர்களுக்கு என் காசில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் சூப்பர்வைசரே காரில் வந்தான். என்னை அனுப்பக் கும்மிடிப்பூண்டி மேனேஜருக்கு மனசில்லை. அது தெரிந்துதான் அவன் ஆர்டர் போடாமல் நேரில் வந்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கூண்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு பேசினான்.

"பழைய எடத்துக்கே வந்துடும்மா. தெனம் இவ்ளோ தூரம் வர்ற. நீயும் பாவம், வண்டியும் பாவம்."

"வண்டிய ஹைவேக்கு மாத்தியாச்சு சார். டவுன்ல ஓடாது."

"மறுபடி மாத்திக்கோயேன். அதுக்கென்ன?"

"மாத்தற மாதிரி இல்ல. உங்களுக்கு அங்க ஆள வெச்சு ஓட்ட முடியலன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார். யாரும் புடிச்சு வெக்கல."

அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பிறகு, மேடையை அடைத்துக்கொண்டு நிற்கும் அவன் காரை எடுக்கச் சொன்னேன். பின்னால் லாரி காத்திருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தினமும் சாயங்காலம் திருவொற்றியூருக்குள் நுழைந்ததும் கண்டெய்னர் வரிசை. மெக்கானிக் சொன்னபடியே வண்டி ஊர்ந்து ஊர்ந்து அணைந்துபோகும். காலை ஊன்றிக்கொண்டு நிற்பேன். எவனாவது "வண்டி பாவம்" என்பான். இடது பக்கம் பழைய யார்டின் சுவர், அதற்கு மேலே என் கண்ணாடிக் கூண்டின் வெளிச்சம். இப்போது அங்கே யாரோ புது ஆள் உட்கார்ந்திருக்கிறான். அந்த நாற்காலி எனக்கு இன்றைக்கும் வேண்டும். சூப்பர்வைசர் கொடுத்து வேண்டாம். கிக்கரை மிதிக்கிறேன், முன்னால் இருக்கிற லாரி நகர்கிற வரை காத்திருக்கிறேன்.