ரிவர்ஸில் வந்த டிரெய்லரும் என் வாக்கிடாக்கி விதியும்

2003 மே மாத விடுமுறையில், ஜீப்புக்குப் பின்னால் ஒரு சிறிய டிரெய்லரை மாட்டி, டென்ட்டும் சமையல் சாமானும் ஏற்றிக்கொண்டு, மனைவி, மாமனாரோடு செங்கல்பட்டிலிருந்து திருவிடந்தைக் கடற்கரைக்குப் போனேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாலிருந்து வழி சொல்ல, மைத்துனன் துபாயிலிருந்து கொண்டுவந்த இரண்டு வாக்கிடாக்கிகளில் ஒன்றை மனைவியிடம் கொடுத்தேன். கூடவே ஒரு விதியும் போட்டேன். பேசி முடித்ததும் ‘ஓவர்’ சொல்ல வேண்டும். சொல்லாதவரை செய்தி முடியவில்லை என்று அர்த்தம்.

அவர்கள் இருவரும் இறங்கிக்கொள்ள, சவுக்குத் தோப்புக்குள் ரிவர்ஸ் எடுத்தேன்.

“நிறுத்துங்க! அப்பா படுத்திருக்கார்!” என்றாள்.

ஓவர் இல்லை. வண்டியை நகர்த்தியபடியே பட்டனை அழுத்தி, “எத்தனை தடவை சொல்றது? முடிச்சதும் ஓவர் சொல்லணும்” என்று வகுப்பெடுத்தேன். பட்டன் அழுந்தியிருக்கும்வரை எதிராளியின் குரல் நமக்குக் கேட்காது. அதையும் நான் படித்துத்தான் இருந்தேன்.

விரலை எடுத்ததும் ஒரு புதுக் குரல் சீறியது. பக்கத்து விடுதிக் காவலாளி. அவருடைய செட்டும் அதே சேனலில் இருந்திருக்கிறது.

“யோவ்! அந்தம்மா நிறுத்து நிறுத்துன்னு கத்திகினு கீது, நீ இன்னா பாடம் நடத்திகினு வர்ற? பிரேக்க மிதிய்யா! ஓவர், ஓவர், போதுமா?”

மிதித்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தால், டிரெய்லர் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, துண்டை விரித்து மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கண் விழித்து, “நல்லா நெழல் பாத்து நிறுத்தியிருக்கீங்க மாப்ள” என்றார். இன்றும் கல்யாண வீடுகளில், என்னைப்போல் நிதானமாக வண்டி ஓட்டுகிறவர் யாருமில்லை என்கிறார். பக்கத்தில் நிற்கும் என் மனைவி ஒன்றும் சொல்வதில்லை. அவள் சொல்லாததைத்தான் நான் இப்போதெல்லாம் மிகக் கவனமாகக் கேட்கிறேன்.