ஏகாம்பரத்தின் கை தளரவில்லை

நான் பொய் சொன்னேன். என் நண்பன் ஏகாம்பரத்தை எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியிலிருந்து வெளியே தள்ளியது அந்தப் பொய்தான். அணியின் மேனேஜர் அல்ல, அவனைத் திட்டித் தீர்த்த ரசிகர்கள் அல்ல... நான்.

நீங்கள் சிரிக்கலாம். ஒரு சின்ன ஊர்க் கிளப், ஒரு கோடைக்கால லீக், சிமெண்டுப் படியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும் நாங்கள் கொஞ்சம் பேர். இதில் ஒருவனுக்கு இடம் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஏகாவை நீங்கள் பார்த்ததில்லை. அதனால் கேட்கிறீர்கள்.

ஏகா ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். அவனுக்காக அவன் அப்பா தறிக்குழியை இன்னும் ஒரு முழம் ஆழமாக வெட்டினார். அப்படியும் முழங்கால் இடிக்கும். பகல் முழுக்க அந்தக் குழிக்குள் காலை விட்டுக் குனிந்தபடி பட்டு நெய்கிறவன், சாயங்காலம் மைதானத்துக்கு வந்து முதுகை நிமிர்த்துவான் பாருங்கள்... ஒரு ஆள் இரண்டு ஆளானதுபோல் இருக்கும்! அவன் முழுசாக நிமிர்ந்து நிற்க ஊரில் இருந்த ஒரே இடம் அதுதான்.

அதைத்தான் நான் பறித்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். பந்து என் கையில் நிற்காது. ஆனால் ஆட்டம் பார்க்கத் தெரியும். அணிக்கு ஸ்கோர் எழுதுவேன். யார் எத்தனை எறிந்தான், எத்தனை விழுந்தது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மேட்ச் முடிந்து டீக்கடையில் வாக்குவாதம் முற்றினால், "சரவணனக் கேளுங்கப்பா" என்பார்கள். நான் சொன்னால் சண்டை அடங்கிவிடும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

மூன்று பங்குனிக்கு முந்தைய கதை இது.

எங்கள் தெரு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காலையில் சாமி புறப்பாடு. பல்லக்குத் தூக்க வெளியாட்களைக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. வீட்டுக்கு ஒரு தோள் என்று முறை வைத்திருக்கிறோம். அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை வந்தது. அப்பாவுக்கு இடுப்பு வலி. ஆகவே நான் தூக்க வேண்டும்.

இதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பல்லக்கின் தண்டைத் தாங்குகிறவர்களை உயரம் பார்த்து நிறுத்துவார்கள். ஒருவன் மட்டும் நெட்டையாக இருந்தால் மொத்தப் பாரமும் அவன் தோளில் இறங்கிவிடும். இன்னொன்று, சாமியைத் தூக்கியவன் வலிக்கிறது என்று வாய் திறக்கக் கூடாது. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே. அப்படிச் சொன்னால் சாமியையே பாரம் என்று சொன்னதாகிவிடுமாம்.

புறப்பாட்டுக்கு முந்தின நாள் ஏகாவின் வீட்டுக்குப் போனேன். அவன் தறியில் இருந்தான்.

"மச்சான், நாளைக்குக் காலைல ஒரகடத்துல ஒரு கம்பெனில இன்டர்வியூடா. எங்க வீட்டு முறைய நீ பாத்துக்கிறியா?"

அவன் நெசவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "இத்தப் போயி கேட்டுக்கினு இருக்கிற. இன்டர்வியூவ வுட்டுட்டு யாராவது பல்லக்கு தூக்குவானா? நீ போய்ட்டு வா. உனக்கும் சேத்து நான் வேண்டிக்கிறேன்."

இன்டர்வியூ எதுவும் இல்லை.

சென்னையிலிருந்து என் கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் ஊர் பார்க்க வருவதாக இருந்தார்கள். தறி நெய்கிற எங்கள் குடும்பத்துக்குப் 'பட்டு பிசினஸ்' என்று நான் அவர்களிடம் அளந்து வைத்திருந்தேன். நான்கு வருஷமாக அளந்திருந்தேன். அவர்கள் கண்முன்னால் சட்டையில்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வியர்த்து வழிய நான் தண்டின் கீழே நடந்து போவதா? எனக்குக் கூசியது.

எதற்குக் கூசினேன்? இத்தனை வருஷம் என் அப்பா தூக்கியதற்கா? அவர் சுமந்த சாமிக்கா? இன்றுவரை எனக்கே விடை தெரியவில்லை...

ஏகா எவ்வளவு உயரம் என்பது எனக்குத் தெரியாதா? அன்று சாயங்காலமே வாலாஜாபாத் அணியோடு எங்களுக்கு அரையிறுதி இருப்பது தெரியாதா? எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

மறுநாள் நண்பர்களை அழைத்துக்கொண்டு கோயில், இட்லிக்கடை என்று சுற்றினேன். எங்கள் தெருப் பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் பல்லக்கு நான்கு தெருவும் சுற்றும் அல்லவா? ஒரு முக்கில் திரும்பியபோது மேளச் சத்தம் நேர் எதிரே வந்துவிட்டது. நின்றிருந்த ஒரு வேனின் பின்னால் ஒதுங்கினேன்.

ஏகாவைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் உயரத்துக்குப் பார்த்து நிறுத்தப்பட்டவர்கள், அவன் காது உயரம்கூட இல்லை. அவர்களுக்குச் சமமாகத் தாழ்வதற்காக முழங்காலை மடக்கி மடக்கி நடந்தான். அது முடியாதபோது நிமிர்வான். நிமிர்ந்த மறுகணம் தண்டு அவன் வலத் தோளில் அழுந்தும். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் தரையிலேயே இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை.

என்னோடு வந்த தோழி ஒருத்தி அதைப் படம் எடுத்தாள். "அந்த ஹைட்டானவரு பாவம்டா. உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

நண்பர்களைப் பஸ் ஏற்றிவிட்டு மைதானத்துக்குப் போனேன். ஏகா எனக்காகக் காத்திருந்தான். மேட்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இன்டர்வியூ எப்டிடா போச்சு?" என்றுதான் கேட்டான். நன்றாகப் போனது என்றேன். "கெடச்சுரும். காலைல சாமிகிட்ட உன் பேரத்தான் சொல்லிக்கினே வந்தேன்" என்றான். சட்டையைக் கழற்றி ஜெர்சியை மாட்டியபோது அவன் வலத் தோளைப் பார்த்தேன். கன்றிப்போய்ப் பட்டையாக வீங்கியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் ஜெர்சியைச் சட்டென்று இழுத்து மூடிக்கொண்டான்.

அப்போதாவது மேனேஜரிடம் ஓடியிருக்கலாம். 'ஏகாவுக்குத் தோள் சரியில்லை, இன்று உட்கார வையுங்கள்' என்று ஒரே ஒரு வாக்கியம்! ஏன் என்று கேட்டால்...? என் இன்டர்வியூ வெளியே வந்துவிடுமே. பேசாமல் ஸ்கோர் மேசையில் போய் உட்கார்ந்தேன்.

கடைசிக் குவார்ட்டரில் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். நேரம் முடியப்போகிற நொடியில் ஏகாவை எதிரணிக்காரன் ஒருவன் இடித்தான். யாரும் குறுக்கே வராமல் எறிகிற இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். இரண்டும் விழுந்தால் இறுதிப்போட்டி. எங்கள் படிகள் அப்போதே கொண்டாடத் தொடங்கிவிட்டன. ஏகா கண்ணை மூடிக்கொண்டு போடுவான் அதை.

முதல் பந்து வளையத்தைத் தொடாமலே கீழே இறங்கியது. இரண்டாவதும் அப்படியே.

எறிந்தபோது அவன் கை தோளுக்கு மேல் போகவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்தது. மற்றவர்கள் எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோற்றபின் டீக்கடையில் நடந்ததை என்னவென்று சொல்ல! எங்கள் ரசிகர்களுக்குத் தோல்வி வந்தால்தான் மூளை வேலை செய்யும். கடைசிக் குவார்ட்டரில் ஏகாவை ஏன் வெளியே எடுக்கவில்லை என்றது ஒரு கோஷ்டி. காலேஜ் பையன் சந்தோஷ் தூரத்திலிருந்து மூன்று பாயிண்டாகப் போடுகிறான், அவனை ஏன் பெஞ்சில் ஊறப்போட்டீர்கள் என்றது இன்னொன்று. நெட்டையானவன் ஒருவனாவது வளையத்துக்கு அடியில் வேண்டும், இல்லையென்றால் வாலாஜாபாத்காரன் நம் தலைமேல் உட்காருவான் என்றது மூன்றாவது. மாநிலப் போட்டிக்குப் பன்னிரண்டு பேரின் பெயரைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஏகா வேண்டுமா, வேண்டாமா? டீ கிளாஸ்களை வரிசையாக வைத்து, இது ஏகா, இது சந்தோஷ் என்று நகர்த்தி நகர்த்திக் காட்டினார்கள். கடைக்காரர் தன் கிளாஸ்களைக் கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தார்.

எல்லோரையும் மிஞ்சிக் கத்துவது பைக் மெக்கானிக் டேவிட்தான். "ஏகா ஆட்டம் அவன் நெய்யிற பொடவ மாதிரிப்பா. பாக்க அழகாத்தான் இருக்குது. முடிக்கத்தான் மாசம் ஆவுது" என்றான். ஏகாவும் அங்கேதான் ஓரமாக நின்றிருந்தான், அவனே சிரித்துவிட்டான். பிறகு, அம்மா தேடுவாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவன் போனபின் டேவிட்டின் குரல் தணிந்தது. கத்துகிறவனே தவிர, ஏகாமேல் அவனுக்கு உயிர்.

"எனக்கு ஒரு சந்தேகம்பா. காலைல அவன் பல்லக்குத் தூக்கிக்கினு போனத நான் பாத்தேன். அவனும் சொல்ல மாட்டான், உங்க தெருவுல அப்டி ஒரு கட்டுப்பாடு. தோள்ல இன்னாவோ ஆயிருக்குது. ஆனா இந்த வருசம் அவங்க வூட்டு மொறையே இல்லையே. யாரு மொறைக்கு அவன் தூக்கினான்?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அந்தத் தெருக்காரன். விவரம் தெரிந்தவன்.

நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து உங்கள்முன் வைக்கிறேன்.

"பல்லக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லப்பா. போன மூணு மேட்ச்சாவே அவன் கை தளந்துபோச்சு. நான் ஸ்கோர் பாத்துக்கினுதான இருக்கேன். சொன்னா மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

பொய். அப்பட்டமான பொய்! அந்த மூன்று மேட்சிலும் அணியைத் தூக்கி நிறுத்தியவனே அவன்தான்.

யாரும் மறுக்கவில்லை, ஸ்கோர் நோட்டைக் காட்டு என்று கேட்கவும் இல்லை. "படிச்ச புள்ள, கணக்குப் பாத்துச் சொல்லுது" என்றார் ஒருவர். டேவிட் தலையைச் சொறிந்துகொண்டு அடங்கிப்போனான். சுவரோரம் கிளாஸைப் பிடித்தபடி எங்கள் மேனேஜர் செல்வம் அண்ணன் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் வந்த பன்னிரண்டு பேரில் ஏகாவின் பெயர் இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதல்முதலாக ஒருவன் படித்தான். அவன் பேச்சை ஊர் நம்பத் தொடங்கியது. அந்த நம்பிக்கையை அவன் எதற்குச் செலவழித்தான் பார்த்தீர்களா?

ஏகா என்னிடம் வந்து சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவன் போடவில்லை. "செல்வம் அண்ணன் யோசிக்காம செய்ய மாட்டாரு. சந்தோஷு நல்லா ஆடறான்டா" என்றான். அதன்பிறகு எங்களோடு படியில் உட்கார ஆரம்பித்தான். யாரை இறக்க வேண்டும், யாரை உட்கார வைக்க வேண்டும் என்று டேவிட்டோடு மல்லுக்கட்டுவான். சந்தோஷ் பந்தைப் போட்டால் முதலில் எழுந்து நிற்பது அவன்தான். பின்னால் இருப்பவர்கள் மறைக்கிறது என்று திட்டுவார்கள். எனக்கு நிஜமாகவே வேலை கிடைத்தபோது தெரு முழுக்க இனிப்பு கொடுத்தது அவன். சாமிக்கு நன்றி சொல்லப் போன இடத்தில், ஒரகடம் இன்டர்வியூவில்தானே கிடைத்தது என்று கேட்டான். "வேற" என்றேன்.

சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளினேன். காலம் போனால் குற்றம் சிறுத்துவிடும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் ஆவதில்லை.

போன வாரம் ஒரு வாய்ப்பு வந்தது. சந்தோஷுக்குச் சென்னையில் வேலை கிடைத்து, அவன் அணியை விட்டுப் போகிறான். செல்வம் அண்ணன் டீக்கடைக்கே தேடி வந்தார். "தம்பி, தப்போ ரைட்டோ, போனது போவட்டும். இந்த சீசன் நீ வந்துருப்பா. உனக்கு இடம் வச்சிருக்கேன்" என்று ஏகாவின் கையைப் பிடித்துக் கேட்டார். நான் வாயைத் திறக்காமலே எல்லாம் சரியாகிவிடப் போகிறது என்று ஒரு சந்தோஷம்... கேவலமான சந்தோஷம்!

ஏகா தலையை ஆட்டினான்.

"வேணாண்ணே. எனக்குக் கை போயிடுச்சு. அன்னிக்கே சரவணன் சொன்னானாமே, மூணு மேட்ச்சா தளந்துக்கினு வருதுன்னு. எனக்கு அப்டித் தோணல. நல்லா போட்டுக்கினு இருந்ததாத்தான் நெனச்சேன். ஆனா நமக்கே நம்ம ஆட்டம் தெரியாதுல்ல. அவனுக்கு எம்மேல இன்னா கோவம் இருக்குது? இருக்கறததான் சொல்லியிருப்பான்."

என்னைப் பார்த்துச் சிரித்தான். குத்தல் இல்லாத சிரிப்பு. மூன்று வருஷமாக அவன் அதை நம்பியிருக்கிறான். பந்தைக் கையில் எடுக்காமலே இருந்திருக்கிறான், அந்தக் கையில் ஒன்றும் இல்லை என்று.

"அப்டியெல்லாம் இல்லடா, நீ வந்து ஆடு" என்றேன் நான். அவ்வளவுதான் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து என் முதுகில் தட்டினான். செல்வம் அண்ணன் கிளம்பிப் போனார். அந்த இடத்துக்கு வேறொரு பெயர் போய்விட்டது.

உண்மை இரண்டே வாக்கியம். உங்களிடம் இவ்வளவு நீளமாகச் சொல்ல முடிகிறது. அவனிடம் அந்த இரண்டைச் சொல்ல முடியவில்லை. ஏன்? அவன் கோபப்படுவான் என்றா? இல்லை. 'போனா போவுதுடா' என்று ஒரு நொடியில் விட்டுவிடுவான். அதுதான் பயமாக இருக்கிறது.

இன்று சாயங்காலம் சீசனின் முதல் மேட்ச். ஏகா சீக்கிரமே போய்ப் படியில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். நானும் போய் உட்காருவேன்.