இரண்டு ஓடுகளும் என் வாயும்

இன்று காலை குனோங் ராபாட்டில் ஒரு சீன ஆன்ட்டி வீடு. கூரை ஒழுகுகிறது, பார்த்துவிட்டு எவ்வளவு ஆகும் என்று சொல்லச் சொன்னார்.

ஏறிப் பார்த்தேன். உடைந்திருந்தது இரண்டே ஓடுகள்.

இறங்கியதும் அவர் எதிரிலேயே என் பார்ட்னருக்குப் போன் போட்டேன். தமிழில்தானே பேசுகிறோம் என்ற தைரியம்.

"மச்சான், ரெண்டு ஓடுதான் போயிருக்கு. ஆனா வீடு பெருசுலா. கூரை முழுக்க மாத்தணும்னு சொல்லிடவா?"

"சொல்லுலா, யோசிக்காத."

போனை வைத்துவிட்டு, கூரை முழுவதும் மாற்ற வேண்டும் என்று ஆன்ட்டியிடம் மலாயில் சொன்னேன். முகத்தையும் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு சுத்தமான எஸ்டேட் தமிழில் சொன்னார்:

"அந்த ரெண்டு ஓட மட்டும் மாத்துப்பா. நான் சுங்கை சிப்புட் தோட்டத்துல பொறந்து வளந்தவ."

ஏணியைத் தூக்கினேன்.

"பாத்து ஏறு. விழுந்துடாத."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேலை முடிந்து வேனில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை என் எதிரில் பேசாமல் தலையாட்டிய ஆன்ட்டிகளில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரிந்திருக்கும்?

தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். வேண்டாம், சொல்லாதீர்கள்.