ஸயாவுக்கு எறியாத பந்து

எனக்கு அறுபத்தாறு வயது. ஏழு பேரைப் பெற்று வளர்த்தேன். ஆறு பேர் கடை, குடும்பம் என்று ஒழுங்காக இருக்கிறார்கள். இனிமேல் பிள்ளை இல்லை என்று தொட்டிலைத் தூக்கிக் கொடுத்த பிறகு பிறந்தவன் ஏழாமவன். அவன்தான் பேஸ்பால் ஆடுகிறான். ரங்கூனில் எல்லாப் பிள்ளைகளும் பந்தைக் காலால் உதைக்கும்போது என் பிள்ளைக்கு மட்டும் கையால் எறிய வேண்டுமாம்.

முதலில் அவனை இழுத்துக்கொண்டு வரத்தான் தின்கன்ஜூன் மைதானத்துக்குப் போனேன். மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் குடைக்கடையில் கூட்டம் நெரிகிறது. மழை விட்ட நேரம் பார்த்து இவன் அங்கே சேற்றில் நிற்கிறான். திட்டுவதற்கு முன் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்துதான் எழுந்தேன். அன்று பிடித்த பைத்தியம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் நான். ஆனால் எந்தப் பந்து நல்ல பந்து என்று என் கண்ணுக்குத் தெரியும்.

என் மகன் ஆட்டத்தைத் தொடங்குகிறவன் இல்லை. முதலில் எறிகிறவனுக்குக் கை சலித்து, ஆட்டம் கெட்டுப்போகும் நேரத்தில் இவனை இறக்குவார்கள். யாரோ தீய விட்ட சட்டியை இவன் இறக்கி வைக்க வேண்டும். கை நல்ல கை. மனசுதான் இளகின வெண்ணெய்.

இந்த வருஷம் தாய்லாந்துக்கு ஒரு அணி போகிறது. கோச் ஒரு பர்மியர்; ஜப்பானுக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார். என் மகன் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றில் இவனை இறக்கினார்கள். எங்கள் பக்கம் ஒரு ஓட்டம் கூடுதல். ஓட்டம் எடுக்க ஒவ்வொன்றாகத் தொட்டு ஓட வேண்டிய மூன்று பேஸிலும் அவர்கள் ஆள் நிற்கிறான். இன்னும் ஒரே ஒருவரை வெளியேற்றினால் ஜெயம். மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் யார் என்று பார்த்தால், பள்ளியில் இவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஸயா! இந்த ஊரில் ஆசிரியரை ஸயா என்போம். ஆசிரியர் எதிரே வந்தால் பிள்ளைகள் கையைக் கட்டிக் குனிவார்கள். இந்தப் புத்திசாலி, கையில் பந்தோடு, மைதானத்தின் நடுவில் கையைக் கட்டிக் குனிந்தான்.

உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன்.

மட்டைக்காரரின் மார்பை ஒட்டிப் பந்து போனால்தான் அவர் மிரண்டு பின்வாங்குவார். இவன் முதல் பந்தை ஒரு முழம் தள்ளிப் போட்டான். இரண்டாவது இன்னும் தள்ளி.

"ஒட்டிப் போடுடா! உள்ளே போடு!" என்று கத்தினேன்.

பக்கத்தில் அவித்த கடலை விற்கும் பர்மியப் பெண் திரும்பிப் பார்த்தாள். அம்மா வயதுக்காரிகளை இவர்கள் அமே என்பார்கள். "அமே, மைதானம் அங்க இருக்கு. என் காது இங்க இருக்கு."

மூன்றாவதும் வெளியே. ஸயாவுக்கே பொறுக்கவில்லை. மட்டையை இறக்கி, "டேய், கணக்குத்தான் வரலை, இதுவுமா வரலை?" என்று கேட்டார். மைதானமே சிரித்தது. இவனும் பணிவாகச் சிரித்துவிட்டு நான்காவதையும் வெளியே போட்டான். நான்கு பந்து அப்படிப் போனால் மட்டைக்காரர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். மற்றவர்களும் ஒவ்வொரு பேஸ் நகர்வார்கள். மூன்றாவது பேஸில் நின்றவன் சுற்றை முடித்தான், ஒரு ஓட்டம் அவர்களுக்கு. ஆட்டம் சமன். அடுத்து வந்த வாலிபனை மூன்றே பந்தில் வெளியேற்றினான், பந்து சீறியது. அதற்குள் இருட்டிவிட, சமனிலேயே முடித்துவிட்டார்கள்.

பஸ்ஸில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸயா மேல பட்டா என்ன உம்மா ஆவுறது? ஆனாடேயா இருந்துச்சு" என்றான். பெரியவர்களுக்கு நம்மால் சங்கடம் வரக்கூடாதே என்று நெஞ்சு கூசுவதுதான் இவர்கள் சொல்லும் ஆனாடே.

"பட்டாத் தைலம் தேச்சுக்குவாரு! கடையை விட்டுட்டு ஓடுறியே, அப்ப உம்மாகிட்ட எங்க போச்சு உன் ஆனாடே?"

"சரி உம்மா" என்றான். அந்த 'சரி'யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை நானே ஸயா வீட்டுக்குப் போனேன். 'உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை அப்படி எறிந்தான், கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்று கேட்பதாக உத்தேசம். ஸயாவின் மனைவி பாய் விரித்து, தேத்தண்ணீர் ஊற்றி, ஊறுகாய்த் தேயிலையும் வறுத்த பயறும் தட்டில் வைத்தாள். ஸயா என் முட்டிவலியை விசாரித்தார். இத்தனை மரியாதை செய்கிறவரிடம் எப்படிக் கேட்பது? மருமகளின் பேறுகாலத்துக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று ஏதோ பேசிவிட்டு, இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். இவன் யாரைக் கொண்டு பிறந்தான் என்று இனிமேல் யாரையும் கேட்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறந்தபோது கோச் வந்தார்.

"அமே, உங்க மகனையும் கூட்டிட்டுப் போறேன்."

"நாலு பந்தையும் வெளியே போட்டானே?"

"தாய்லாந்துல அவனுக்குப் பாடம் சொன்ன ஸயா யாரு இருக்கா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோச்சுக்கு இவனைத் தெரியாது. பஸ்ஸில் நரைத்த தலை ஒன்று ஏறினால் முதலில் எழுந்து நிற்பவன் இவன். அந்த ஊரிலும் மட்டை பிடிக்கிறவர்களில் ஒருவருக்காவது நரைத்திருக்காதா? என் கணிப்பு இதுதான்: வாலிபர்களை வரிசையாக வெளியேற்றுவான், முதல் நரையைக் கண்டதும் கையைக் கட்டுவான்.

நாளை மறுநாள் பயணம். பக்கத்து அறையில் பை கட்டுகிறான். நேரில் சொன்னால் "சரி உம்மா" என்பான். அதனால்தான் எழுத்துக் கூட்டி இதையெல்லாம் எழுதினேன்.

பேத்தி, இங்கே வா. உனக்குத் தமிழ் தடுக்கும், பரவாயில்லை, மெதுவாக வாசி. கதவைத் திறந்து வைத்துக்கொள், அவன் காதில் விழட்டும். 'ஒட்டிப் போடுடா' என்கிற இடம் வந்ததும் சத்தமாக வாசிக்க வேண்டும், தெரிந்ததா? வாசி.