பிள்ளையின் அழுகைக்கு ஊறாத பால்

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எங்கள் புத்தூர்ப் பக்கம் எதில் சேரும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். மகன் பிறந்தபோது என் மனைவிக்கு உதிரம் நிற்காமல் போயிற்று. உயிர் பிழைத்தாள்; பால் சுரக்கவில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பிதான் பால் ஊற உத்தரவு தரவேண்டும், இரத்தம் போனதில் அது பட்டுப்போய்விட்டது என்றார் சித்தூர் டாக்டர். எனக்கு நம்ப மனமில்லை. பெருமாளே கதி என்று இருவரையும் திருப்பதிக்கு அழைத்துப் போனேன்.

சத்திரத்தில் பிள்ளை பசியில் வீறிட்டான். பக்கத்தில் இருந்த கைக்குழந்தைக்காரி ஒருத்தியின் ரவிக்கை அந்த அழுகையைக் கேட்டே நனைந்துவிட்டது.

"கத்தறதப் பாரு, மலைமேல பெருமாளே எழுந்துக்குவாரு! குடும்மா இப்டி" என்று சிரித்தபடி வாங்கிப் பால் கொடுத்தாள்.

என் மனைவி தன் மார்பைத் தொட்டுப் பார்த்தாள். "ஊராம்புள்ள அழுதா அவங்களுக்கு ஊறுது. பெத்தவ, எனக்கு ஏங்க ஊறல?"

டாக்டர் சொன்னதையே சொன்னேன்.

"அந்த உத்தரவப் பெருமாளு குடுக்கக்கூடாதா?"

மறுநாள் சன்னதியில் கோவிந்தா என்று கூப்பிட்டேன். அதற்குமேல், அவளுக்குப் பால் ஊறட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நடக்கும் என்ற நினைப்பே எனக்குள் இல்லாமல் போயிருந்தது.